பக்கத்து வயல்

குறைதீர்க்கும் கூட்ட அரங்கின் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடும். எப்போதோ இருந்த ஒரு கலெக்டர், ஊழியர்கள் நேரத்துக்கு வந்து உட்கார வேண்டும் என்று அப்படித் திருப்பி வைக்கச் சொன்னாராம். அவர் மாற்றலாகிப் போய், பின்னால் ஆறேழு பேர் வந்து போய்விட்டார்கள், அந்த ஏழு நிமிடத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. அதில் இப்போது பத்து முப்பத்திரண்டு. அப்படியென்றால் உண்மையில் பத்து இருபத்தைந்து. அப்படியென்றால் பன்னிரண்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. சூப்பரிண்டெண்டண்ட் நாச்சிமுத்து முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தி எடுத்து, முன்னால் நீண்ட காகிதத்தின் இடது மூலையில் வைத்தார். திங்கட்கிழமை, மனு நாள். ஒன்பது வருடமாக இந்த மேஜை, இந்த முத்திரை. அவர் முத்திரை வைத்துக் கொடுத்தால் பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஜெசிந்தா பெயரையும் பொருளையும் ஏற்றி எண் போடுவாள். எண் விழுந்தால்தான் அந்தக் காகிதம் மனு, அதுவரை வெறும் காகிதம். பட்டா, முதியோர் பென்ஷன், சாக்கடை, சுடுகாட்டுப் பாதை. எல்லாம் இந்த மூலையைத் தாண்டித்தான் கலெக்டர் உட்கார்ந்திருக்கிற மேடைக்குப் போயாக வேண்டும். பன்னிரண்டு மணிக்கு, கடல் தாண்டி எங்கோ ஒரு நாட்டில், பெயர்கூட வாயில் நுழையாத ஒரு கம்பெனி ஓர் இயந்திரத்தை நிறுத்தப் போகிறது. நிறுத்தினால் அவர் வீட்டில், ருக்குமணியின் டேப்லெட்டில் இருக்கிற ஒரு தீவு இல்லாமல் போகும். தீவு என்றால் விளையாட்டுத் தீவு. படிப்படியாக வயல், வேலி, கோழி, ஒரு கிணறு. ஐம்பத்தொரு வயதுப் பெண்பிள்ளை ஆடுகிற ஆட்டமா என்று அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். இப்போது எதற்கு நெஞ்சு இப்படி அடிக்கிறது. மாத்திரை போட்டோமா. போட்டோம். காலையில் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள், உள்ளங்கையில் வைத்து, தண்ணீரோடு.

பதினொரு நாள் ஆகிறது. மாதக் கடைசி நாள் அது. நிலுவை பூஜ்யம் காட்டியாக வேண்டும் என்று மேலேயிருந்து நாலு தடவை போன் வந்துவிட்டது. இணையத்தில் வந்த மனுக்கள் நூற்று நாற்பது சொச்சம் கிடந்தன. நம் அதிகாரத்துக்குள் வராதவற்றை வேறு துறைக்கு அனுப்பாமல் பிரிவிலேயே முடித்துவிடலாம் என்பது நடைமுறை. அவற்றைப் பொறுக்கி ஒரு பக்கம் வைத்து, ஒரே பதிலை எழுதி, மொத்தமாக டிக் அடித்து முடிப்பது நாச்சிமுத்துவின் நடைமுறை. ஜெசிந்தா மூன்று மாதம் முன்புதான் மாற்றலில் வந்தவள். எதையும் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம். "சார், இதைக் கேளுங்க. வீடியோ கேமுக்கு மனுப் போட்டிருக்காங்க. கம்பெனி கேமை நிறுத்தப் போவுதாமா, நிறுத்தக் கூடாதாமா. வயல்ல தினமும் தண்ணி ஊத்தோணுமாமா." அறையில் எல்லோரும் சிரித்தார்கள். "வயல்னா வேளாண்மைத் துறைக்கு அனுப்பிரலாங்களா சார்?" அதற்கும் சிரிப்பு. அப்போது அவர் வாயும் சும்மா இருக்கவில்லை. "கால்நடைக்கும் ஒரு நகல் போடு அம்மிணி, கோழி இருந்தாலும் இருக்கும்." அதற்குத்தான் பெரிய சிரிப்பு. ரிக்கார்டு கிளார்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்திருந்தது, அதை இப்போது மறுக்க முடியாது. எப்போதாவதுதானே அவர் சொல்லி மற்றவர்கள் சிரிக்கிறார்கள். முதல் மூன்று வரிக்கு மேல் யாரும் படிக்கவில்லை. பெயரை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவள் தன் அப்பாவின் முதலெழுத்தைப் போட்டிருந்தாள், ந. ருக்குமணி என்று, ருக்குமணிகளுக்கு இந்த மாவட்டத்தில் என்ன பஞ்சம். அவர் சொல்லச் சொல்ல ஜெசிந்தா தட்டினாள்: மனுதாரரின் கோரிக்கை இவ்வலுவலக அதிகார வரம்புக்கு உட்பட்டதல்ல என்பது வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது. மனு முடிக்கப்பட்டது. அந்த 'வருத்தத்துடன்' அவருடையது. இந்த மாவட்டத்தில் வேறு யாரும் அதைச் சேர்ப்பதில்லை. நிராகரிக்கும்போதுகூட ஒரு மரியாதை வேண்டாமா என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். வீட்டிலும் சொல்லியிருக்கிறார். பெருமையாக, பலதடவை. அதுதான்.

அன்று சாயங்காலம் ஆறரை மணி. ருக்குமணி அவருக்கு உப்புமா வைத்துக்கொண்டிருந்தாள். அவள் போன் மேஜைமேல் டிங் என்றது. கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து படித்தாள். அவளுக்குக் கண்ணாடி போடாமல் படிக்க வராது, ஆனாலும் போடாமலே படித்தாள். போனைத் தூரமாகப் பிடித்து, உதடு அசைய. அவருக்குத் தட்டுக்கு மேலே அந்த வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்துக்குள் தன் வாக்கியம் தெரிந்தது. தன் வாக்கியத்தைத் தெரியாதா ஒருத்தனுக்கு. அவள் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. சர்க்கரை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆறிரும், சாப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் பதில் இருந்தது அவரிடம். ஏன் என்னிடம் கேட்கவில்லை, வீட்டிலேயே ஆள் இருக்கும்போது எதற்கு ஆன்லைனில் போட்டாய் என்று கத்தியிருக்கலாம். அவள் கேட்கவில்லை. வீட்டுக்காரனிடம் கேட்காமல் சர்க்காரிடம் கேட்டிருக்கிறாள், அந்த சர்க்கார் போய்ப்போய் இவராக இருந்திருக்கிறது. அவளுக்கு அது தெரிந்தேதான் போட்டாளா? யார் மேஜைக்கு வரும் என்று தெரிந்தே?  அன்று உப்புமாவில் உப்பு இருந்ததா என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

"சார், டோக்கன் நூத்தி எண்பத்தியாறு" என்று ஒரு பெண்மணி காகிதத்தை மேஜையில் தட்டினாள். "மூணாவது தடவைங்க. சாக்கடைத் தண்ணி வூட்டுக்குள்ள வருது. போன தடவ சரி பண்ணியாச்சுன்னு மெசேஜ் வந்துதுங்க. மெசேஜைக் காட்டுனா சாக்கடை திரும்பிப் போயிருமுங்களா?" வரிசையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். "குடுங்கம்மா, கலெக்டரைப் பார்த்துச் சொல்லுங்க" என்றார் நாச்சிமுத்து. "உங்களைப் பாத்தே மூணு தடவ ஆச்சு" என்றாள் அவள். முத்திரை. எண். அடுத்து. கடிகாரத்தில் பத்து ஐம்பது. பத்து நாற்பத்து மூன்று. அந்த உப்புமா சாயங்காலத்துக்கு மறுநாள் காலை எல்லோரும் வருவதற்கு முன்னால் வந்து, முடிக்கப்பட்ட மனுக்களுக்குள் தேடி அவள் மனுவைத் திறந்தார். திருடன்போல. சொந்த அறையில், சொந்தக் கடவுச்சொல்லில். ஒன்றரைப் பக்கம். எட்டாம் வகுப்போடு நின்றவள் ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தாள். "இந்த விளையாட்டை என் மகள் தன் முதல் சம்பளத்தில் எனக்குக் காசு கொடுத்து வாங்கித் தந்தாள். குக்கர் செய்த கம்பெனி மூடிப்போனாலும் வாங்கிய குக்கரை யாரும் வீட்டுக்குள் வந்து எடுத்துப் போவதில்லை, அது விசில் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கம்பெனிக்கு முடியவில்லை என்றால் அவர்கள் இயந்திரத்தை நிறுத்திக்கொள்ளட்டும். நிறுத்துவதற்கு முன்னால், வாங்கியவர்கள் தாங்களாகவே வைத்து நடத்திக்கொள்ள ஒரு வழி பண்ணிவிட்டுப் போகட்டும். வெளிநாடுகளில் லட்சக்கணக்கான பேர் இதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். இங்கே கேட்க ஆள் இல்லை, அதனால் நான் ஒருத்தி போடுகிறேன்." அதுவரை ஒன்றுமில்லை. அதுவரை ஒரு நல்ல மனு. நாலு பேருக்குக் காட்டலாம். அதற்குக் கீழேதான் அது இருந்தது. "அந்தத் தீவில் என் பக்கத்து வயல் என் மகள் தாரணியுடையது. நான் அவளோடு பேச மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். விளையாட்டில் பேச்சு கிடையாது, எழுத்தும் கிடையாது, குழந்தைகள் ஆடுவதற்காகச் செய்தது. ஒருவர் வயலுக்கு ஒருவர் தண்ணீர் ஊற்றலாம். வேலியோரக் கூடையில் ஏதாவது வைக்கலாம். கை ஆட்டலாம். நான்கு வருடமாகத் தினமும் நாங்கள் அதைத்தான் செய்கிறோம். போன வருடம் அவள் என் கூடையில் ஒரு சின்னத் தொட்டில் வைத்தாள். அதில்தான் தெரிந்துகொண்டேன். ஆணா பெண்ணா என்று கேட்க அந்த விளையாட்டில் வழி இல்லை."

தொட்டில். முடிக்கப்பட்ட மனு எண்ணுக்குக் கீழே, மூன்றாவது பத்தியில், அவர் தாத்தா ஆகியிருந்தார். அதைப் படித்தபோது என்ன தோன்றியது? இதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், பதினொரு நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். முதலில் தோன்றியது சந்தோஷம் இல்லை. துக்கமும் இல்லை. சத்தியத்தில் ஓட்டை இருந்திருக்கிறதே என்றுதான் தோன்றியது. அப்பட்டமாக அதுதான். ஆணை எழுதத் தெரிந்தவன் ஒரு வழியை எழுதாமல் விட்டுவிட்டானே என்ற எரிச்சல். அந்தச் சத்தியத்தை எழுதியது அவர்தானே. தாரணி அந்தப் பையனோடு ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் பண்ணிக்கொண்டு, போட்டோவை அனுப்பிய அன்றைக்கு மறுநாள். பையன் நம்மாளுங்க இல்லை. பங்காளிகள் வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு காப்பியைத் தொடாமல் இருந்தார்கள். அவர்கள் போன பிறகு ருக்குமணியைக் கூப்பிட்டு, அவள் வலது கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். "அவகூடப் பேச மாட்டேன்." சொன்னாள். "போன் பண்ண மாட்டேன்." சொன்னாள். "கடுதாசி எழுத மாட்டேன்." சொன்னாள். "அவ இருக்கற ஊர் வாசப்படி மிதிக்க மாட்டேன்." அங்கே மட்டும் ஒரு நிமிஷம் நின்று, பிறகு சொன்னாள். "மீறுனா நீ என்னைப் பாக்கறது பொணமாத்தான்." இதை அவரே சொன்னார், அப்போது அவள் கை அவர் தலையிலிருந்து நழுவப் பார்த்தது; அவர் பிடித்து அழுத்தினார். ஆறு மாதத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், "நான் ஒண்ணும் மீறலைங்க, சத்தியமா நான் எதையும் மீறலை" என்று அவள் டாக்டரிடம் அழுதாளாம். டாக்டருக்கு என்ன புரிந்திருக்கும். அதற்கு அப்புறம் அந்தச் சத்தியம் அவர் இரத்தக் குழாய்க்குள் இருக்கிற கம்பிபோல ஆகிவிட்டது. எடுக்க முடியாது, எடுத்தால் ஆள் போய்விடுவான். அவள் அடங்கிப் போயிருக்கிறாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார். அடக்கம் இல்லை அது. பயம். அவரைக் காப்பாற்றுவதற்காக ஒருத்தி தன் பிள்ளையை விட்டுக் கொடுத்திருக்கிறாள், அதை அவர் மரியாதை என்று கணக்கு வைத்திருந்தார்.

அந்தத் தீவை அவர் பார்க்காதவர் இல்லை. அதுதான் திரும்பத் திரும்ப வந்து முட்டுகிறது. செய்தி பார்க்கும்போது பக்கத்து நாற்காலியில் அவள் டேப்லெட்டோடு உட்கார்ந்திருப்பாள். அதில் அவள் ஒரு வைக்கோல் தொப்பியும் நீலப் பேண்டும் போட்ட பொம்மை. "இந்த வயசுல பேண்ட் மாட்டிக்கிட்டுக் களை எடுக்கறியா" என்று கேலி பண்ணுவார். "சேலையைத் தூக்கிச் சொருகற வேலை மிச்சமுங்க" என்பாள். பக்கத்து வயலில் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பொம்மை. சுறுசுறுப்பான பொம்மை. ஒரு சாயங்காலம், எதற்கென்று தெரியவில்லை, செய்தியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, எட்டிப் பார்த்து, "அந்த மஞ்சச் சட்டைக்காரி நல்லா வெவசாயம் பண்றாளே, உன்னுது பாரு, ஒரே களை" என்றார். ருக்குமணியின் விரல் அப்படியே நின்றது. "ஆமாங்க" என்றாள். "நல்ல புள்ளை." அந்த மஞ்சள் பொம்மை இவர்கள் பக்கம் திரும்பிக் கையை ஆட்டியது. யாரைப் பார்த்து? அம்மா பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருப்பது அதற்கு எப்படித் தெரியும். தெரியாது. ஆனால் இப்போது நினைத்தால் அது தன்னைப் பார்த்துத்தான் ஆட்டியதுபோல இருக்கிறது. பதிலுக்கு அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

ஒரு வார்த்தை போதும். எடுத்துக்கிட்டேன், சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டேன், பேசிக்கோ. பதினொரு நாளாக இதை வாய்க்குள் உருட்டுகிறார். குளியலறையில் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். வரும்போதே வாக்கியம் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறது: மேற்படி சத்தியம் இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. முப்பத்திரண்டு வருடத்தில் வாய் இப்படித்தான் பழகியிருக்கிறது, அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பேச ஒரு வாய் எங்கே கிடைக்கும். பேசிக்கோ என்றால் மட்டும் ஆகிவிடுமா? எப்படிப் பேசுவாள்? தாரணி ஊர் மாறி, நம்பர் மாறி எங்கேயோ போய்விட்டாள். ருக்குமணியிடம் இருக்கிற ஒரே விலாசம் அந்த வயல்தான். ஆனால் விலாசம் இருக்கிறது. இதோ இருக்கிறது. மேஜையின் வலது இழுப்பறையில், புது மைப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு நீண்ட பழுப்புக் கவர். இரண்டு வருடத்துக்கு முன் இதே அலுவலக முகவரிக்கு, அவர் பெயருக்கு வந்தது. பின்பக்கம் அனுப்புநர் விலாசம் தாரணியின் கையெழுத்தில், கீழே பத்து இலக்கம். பிரிக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோகவும் இல்லை. கிழிக்காமல் வைத்திருந்ததால் தான் நல்லவன் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் முத்திரை எடுக்கும்போது புறங்கை அதில் உரசும். உரசி உரசி ஒரு மூலை மெழுகு பூசியதுபோல ஆகிவிட்டது. இன்று காலையில்கூட, கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டு நின்று, "ருக்கு" என்றார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். குழாயை மூடினாளே. எப்போதும் மூடமாட்டாள். ஏதோ வரப்போகிறது என்று தெரிந்து மூடியிருக்கிறாள். "கேஸ் புக் பண்ணியாச்சா?" என்றார். "பண்ணியாச்சுங்க" என்றாள். குழாயைத் திறந்தாள்.

பதினொன்று நாற்பத்தெட்டு; பதினொன்று நாற்பத்தொன்று. வரிசை குறைந்துவிட்டது. ஒரு காகிதத்தில் முத்திரையை வைத்து நகர்த்தியபோது அடுத்த கை நீண்டது. அந்தக் கையை முதலில் பார்த்தார். சுண்டு விரலுக்குப் பக்கத்தில் எண்ணெய் தெறித்த தழும்பு. மோதிரம். அவர் போட்ட மோதிரம். ஊதா நிறப் பருத்திச் சேலை, வெளியே போகும்போது கட்டுகிறது. தோளில் துணிப்பை, அதற்குள் சதுரமாக டேப்லெட். கையில் டோக்கன் இருநூற்றுப் பதினான்கு. காலையிலேயே வந்து வரிசையில் நின்றிருக்கிறாள். ஒன்றரை மணி நேரமாக இதே கூரைக்குக் கீழே, மற்றவர்களோடு மற்றவளாக. "சார்" என்றாள் ருக்குமணி. கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவளிடமிருந்து அவருக்கு அந்த வார்த்தை வந்ததில்லை. கேலி இல்லை, கோபம் இல்லை. எல்லோரும் சொல்வதுபோலச் சொன்னாள். "மனு கொண்டாந்திருக்கறனுங்க. வாங்கிக்கோங்க சார்."

"இங்க எதுக்கு…" என்று ஆரம்பித்தவர் குரலைத் தாழ்த்தி, "உக்காரு" என்றார்.

"உக்காந்துட்டுத்தானுங்க இருந்தேன். ஆன்லைன்ல போட்டது தள்ளுபடி ஆயிருச்சு. கையில எழுதிக் குடுத்தா மறுபடியும் பாப்பாங்கன்னு வெளியில மனு எழுதறவர் சொன்னாரு. நேரம் கொஞ்சமாத்தான் இருக்குதுங்க சார்."

காகிதத்தை விரித்தார். அதே ஒன்றரைப் பக்கம், அவள் கையெழுத்தில். கடைசியில் ஒரு பத்தி புதிதாக. "இன்று பகல் பன்னிரண்டு மணியோடு அந்தத் தீவு இருக்காது என்று தெரியும். அதை நிறுத்தி வைக்க உங்களால் முடியாது என்பதும் தெரியும். ஆகவே என் மகளைப் பார்க்க எனக்கு வேறு வழிக்கு அனுமதி கொடுக்கக்கூடிய உரிய அலுவலர் யார் என்பதைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." பணிவுடன். அவர் 'வருத்தத்துடன்' சேர்ப்பார், அவள் 'பணிவுடன்' சேர்த்திருக்கிறாள். எழுத்துகள் நீரில் கிடப்பதுபோல அசைந்தன. உரிய அலுவலர் இதோ உட்கார்ந்திருக்கிறார், கோடு போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. வேறு யாரும் இல்லை, மேல் முறையீடு இல்லை, அனுப்பிவைக்கத் துறை இல்லை. சொல். இப்போது சொல். வரிசையில் அவளுக்குப் பின்னால் இரண்டே பேர். பங்காளிகள் யாரும் இங்கே இல்லை. ஜெசிந்தா கேட்பாள். கேட்கட்டுமே. அவள் கேட்டால் என்ன போயிற்று. பிறகு கேன்டீனில் சொல்வாள், சூப்பரிண்டெண்டண்ட் பொண்டாட்டி மனுப் போட்டாளாம் என்று. அதற்காகவா? இதற்காகவா இவ்வளவும்? இதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று உள்ளே இருப்பதாக இத்தனை நாள் நினைத்தோமே, தோண்டிப் பார்த்தால் வெறும் கேன்டீன்தானா இருந்தது. வலது கை இழுப்பறையை இழுத்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார், யாருடைய கையையோ பார்ப்பதுபோல. விரல்கள் கவரைத் தொட்டன. மெழுகான மூலை. அதன்மேல் ஒரு கணம் நின்றன. ருக்குமணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  கை வெளியே வந்தது. கையில் மைப்பெட்டி இருந்தது. பழையது மேஜைமேல் காயாமல்தான் இருந்தது, புதிதுக்கு ஒரு தேவையும் இல்லை. திறந்தார். அழுத்தினார். இடது மூலையில் முத்திரையை வைத்தார்.

"முப்பது நாளுக்குள்ள பதில் வந்துரும்மா" என்றார் நாச்சிமுத்து.

 ஜெசிந்தா ஒப்புகைச் சீட்டைக் கிழித்து நீட்டினாள். ருக்குமணி அதை வாங்கி, நான்காக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "நல்லதுங்க சார்" என்றாள். போய்விடவில்லை. எதிர்ச் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டாள். இங்கிருந்து திரை தெரியவில்லை, வெளிச்சம் அவள் தாடையில் விழுவது மட்டும் தெரிந்தது. பச்சையாக, சில சமயம் லேசாக மஞ்சளாக. அவள் விரல் திரையின் ஓரத்தில் ஒரே இடத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. கை ஆட்டுகிறாள். அந்தப் பக்கத்திலும் ஒருத்தி எங்கோ உட்கார்ந்து, மடியில் ஒரு குழந்தையோடோ இல்லாமலோ, ஒரே இடத்தைத் தொட்டுக்கொண்டிருப்பாள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது.  ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சம் அப்படியே இருந்தது. ஏழு நிமிடம். மறந்தே போனோம், இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது. யாரோ ஒரு கலெக்டர் இதற்காகவே ஒதுக்கி வைத்துவிட்டுப் போனதுபோல ஏழு நிமிடம். எழுந்து போனால் பதினைந்து தப்படி. கவரை எடுத்து அவள் மடியில் வைத்தால் போதும், பேசவே வேண்டாம். எழுந்தார். நிஜமாகவே எழுந்தார், நாற்காலி பின்னால் நகர்ந்து கிறீச்சிட்டது. மேடையிலிருந்து கலெக்டரின் உதவியாளர் கையைக் காட்டி, எத்தனை என்று சைகையில் கேட்டார். இருநூற்றுப் பதினாறு என்று விரலால் காட்டினார். இரண்டு, ஒன்று, ஆறு. காட்டியதும் உட்கார்ந்துவிட்டார். காட்டிவிட்டால் உட்கார வேண்டும் என்று முழங்காலுக்குத் தெரியும். நாலு நிமிடம். மூன்று. நெஞ்சு வலிக்கிறதா என்று பார்த்தார். வலித்தால்கூட ஒரு காரணமாக இருக்கும். வலிக்கவில்லை. கம்பி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. ருக்குமணியின் விரல் திரையில் நின்றது. வெளிச்சம் ஒரு தரம் வெள்ளையாகி, அணைந்தது. அவள் முகம் அரங்கில் மற்ற எல்லோருடைய முகத்தையும்போல ஆயிற்று. அணைந்த கண்ணாடிமேலும் இரண்டு தடவை அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் திரையைத் துடைத்து, பைக்குள் வைத்து, எழுந்து, அவர் பக்கம் திரும்பாமல் வாசலைத் தாண்டி வெயிலுக்குள் போனாள்.

"சார்" என்றாள் ஜெசிந்தா. அவள் குரலில் சிரிப்பு இல்லை. இருநூற்றுப் பதினான்காம் காகிதத்தைக் கடைசிவரை படித்திருந்தாள். "அன்னைக்கு நாம சிரிச்சமே, அந்த மனுதானுங்க. நாம முழுசாப் படிக்கலைங்க சார்." அவர் மைப்பெட்டியை மூடினார். "பன்னெண்டு மணியோட முடியுதுன்னு எழுதியிருக்காங்க, இப்பப் பன்னெண்டு தாண்டிருச்சு. எந்தத் துறைன்னு கம்ப்யூட்டர் கேக்குது, எதுக்கு அனுப்பறதுன்னு தெரியலைங்க. உரிய அலுவலர் யாருன்னு வேற கேட்டிருக்காங்க."

"எதுக்கும் அனுப்ப வேண்டாம்" என்றார் நாச்சிமுத்து.  "காலம் கடந்துவிட்டதுன்னு போட்டு முடிச்சுரு."

ஜெசிந்தா தட்டினாள். பாதியில் நின்று, அவர் எப்போதும் சொல்வது ஞாபகம் வந்தவளாக, "வருத்தத்துடன் சேர்க்கட்டுங்களா சார்?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றார்.